ஏமாற்றுத் தேடுபொறி உகப்பாக்கம்

ஏமாற்றுத் தேடுபொறி உகப்பாக்கம் என்பது, ஓர் இணையத்தளம் தன் தகுதிக்கு மீறிய இடத்தைத் தேடல் முடிவுகளில் பெறும்பொருட்டுத் தேடுபொறியையோ பயனரையோ ஏமாற்றும் வழிமுறைகளைக் குறிக்கும். இது கருந்தொப்பி உகப்பாக்கம் எனவும், தேடுபொறி எரிதம் எனவும் அழைக்கப்படுகின்றது. பழைய அமெரிக்கக் கௌபாய்த் திரைப்படங்களில் தீயவர் கருந்தொப்பியும் நல்லவர் வெண்தொப்பியும் அணிந்து வருவது வழக்கம். இப்பெயர் அதிலிருந்து தோன்றியது. தேடுபொறியின் நெறிகளுக்கு உட்பட்டுத் தளத்தை மேம்படுத்துவது வெண்தொப்பி உகப்பாக்கம் எனப்படும்.

தேடுபொறி உகப்பாக்கம் தன்னளவில் தவறானதன்று. தலைப்பைத் தெளிவாக எழுதுதல், பக்கங்களை ஒழுங்காக இணைத்தல், தளம் விரைவாகத் திறக்குமாறு செய்தல் ஆகியன பயனருக்கும் தேடுபொறிக்கும் ஒருங்கே உதவுவன. பயனர் காணும் ஒன்றும் தேடுபொறி காணும் ஒன்றும் வேறுபடும்போது, அல்லது ஒரு தளத்தின் நன்மதிப்பு பொய்யாக உருவாக்கப்படும்போது ஏமாற்று தொடங்குகின்றது.

தோற்றம்

1990களின் நடுப்பகுதியில் இயங்கிய ஆல்ட்டாவிஸ்ட்டா போன்ற தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள சொற்களைக் கொண்டே முடிவுகளை வரிசைப்படுத்தின. ஆகவே ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிய பக்கம் எளிதில் முன்னிடம் பெற்றது. இக்குறையைக் களைய ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகியோர் 1998இல் பேஜ்ரேங்க் என்னும் முறையை வெளியிட்டனர். இதன்படி ஒரு பக்கத்திற்குப் பிற பக்கங்கள் தரும் ஒவ்வோர் இணைப்பும் அதற்கு அளிக்கப்படும் வாக்குப் போன்றது. மதிப்பு மிக்க பக்கம் அளிக்கும் வாக்கிற்கு எடை கூடுதலாகும்.

சொல்லை மட்டும் நம்பிய முறையைக் காட்டிலும் இது சிறந்ததாக இருந்தது. எனினும் வாக்குகளைப் பெறுவதற்கு மதிப்பு உண்டானதும் அவற்றை விலைக்கு விற்பவர்களும் தோன்றினர். தேடுபொறிகளின் வரலாறு இவ்விரு தரப்பினரிடையே நிகழும் போட்டியின் வரலாறாகவும் உள்ளது.

பொதுவான வழிமுறைகள்

• திறவுச்சொல் திணிப்பு: ஒரே சொல்லை அல்லது ஊர்ப்பெயர்களின் பட்டியலைப் பொருளின்றி மீண்டும் மீண்டும் எழுதுதல்.
• மறை உரை: வெண்ணிறப் பின்னணியில் வெண்ணிற எழுத்தில், அல்லது திரைக்கு வெளியே, பயனர் காணாதவாறு சொற்களை வைத்தல்.
• உருமறைப்பு: தேடுபொறியின் சிலந்தி நிரலுக்கு ஒரு பக்கத்தையும் பயனருக்கு வேறொரு பக்கத்தையும் அனுப்புதல்.
• வாயிற் பக்கங்கள்: ஏறத்தாழ ஒரே உள்ளடக்கத்தை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பல பக்கங்களாக ஆக்கி, அனைத்திலிருந்தும் ஒரே இடத்திற்குப் பயனரை அனுப்புதல்.
• இணைப்புப் பண்ணை: ஒன்றுக்கொன்று இணைப்புத் தருவதற்கென்றே பல தளங்களை உருவாக்குதல். இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் இவ்வகையினதே.
• உள்ளடக்கத் திருட்டு: பிறர் எழுதியதைத் தானியங்கி நிரலால் படியெடுத்துத் தன் பெயரில் இடுதல்.
• பெருந்திரள் உள்ளடக்கம்: பயனருக்குப் பயன்படாத ஏராளமான பக்கங்களை, செயற்கை நுண்ணறிவு நிரல்களைக் கொண்டோ பிறவாறோ, தரவரிசைக்காக மட்டும் உருவாக்குதல்.
• தேடல் நஞ்சேற்றம்: பிறர் தளத்தினுள் ஊடுருவி, சூதாட்டம், மருந்து போன்றவற்றுக்கான பக்கங்களை உரிமையாளர் அறியாமல் சேர்த்தல்.

எடுத்துக்காட்டு: கோம்பையும் கம்பம் பள்ளத்தாக்கும்

ஒரு பெயர் பல பொருள்களைக் குறிக்கும் இடத்தில் ஏமாற்று எளிதாகின்றது. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள கோம்பை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கோம்பை என்பது ஒரு பேரூராட்சியின் பெயர். அதுவே ஒரு நாட்டு நாய் இனத்தின் பெயரும் ஆகும். 2020 ஆகத்து 30 அன்று ஒலிபரப்பான 'மனதின் குரல்' வானொலி உரையில் இந்தியப் பிரதமர் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்களுடன் கோம்பையையும் குறிப்பிட்டார்.

இப்பெயரைத் தேடுபவர் ஊரைப் பற்றி அறிய விரும்பும் மாணவராக இருக்கலாம். நாய்க்குட்டி வாங்க விரும்புபவராகவும் இருக்கலாம். கோம்பையில் கிளையோ வளர்ப்பிடமோ இல்லாத ஒரு விற்பனைத் தளம், ஊரின் வரலாற்றையும் கோயில்களையும் பற்றி வேறிடத்திலிருந்து படியெடுத்த பத்திகளை இட்டு, அவற்றுக்கிடையே விற்பனை எண்ணை வைக்குமானால் அது இருவரையும் ஏமாற்றுகின்றது. நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள், 2017 என்னும் நடுவண் அரசின் விதிகளின்படி நாய் வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். ஆனால் தேடல் முடிவில் முதலிடம் பெற்றிருப்பது பதிவு பெற்றமைக்குச் சான்றாகாது.

கம்பம் என்னும் பெயரிலும் இத்தகைய சிக்கல் உண்டு. ஆந்திரப் பிரதேசத்திலும் ஒரு கம்பம் உள்ளது. இரண்டு ஊர்களும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதப்படுகின்றன. தேனி மாவட்டக் கம்பத்தின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறிடத்துத் திராட்சையை விற்கும் ஒரு பக்கம் இப்பெயரை மறை உரையாகத் திணித்தால், வாங்குபவர் ஏமாறுவதோடு அப்பெயரை உருவாக்கிய உழவர்களின் நன்மதிப்பும் களவாடப்படுகின்றது. புவிசார் குறியீடுகள் சட்டம், 1999 பொருளின் பிறப்பிடம் குறித்து மக்களைத் தவறாக எண்ணச் செய்யும் பயன்பாட்டை உரிமை மீறலாகக் கொள்கின்றது.

தேடுபொறிகளின் நடவடிக்கைகள்

கூகுள் 2003 நவம்பரில் புளோரிடா என்று பெயர் பெற்ற மாற்றத்தின் மூலம் திறவுச்சொல் திணித்த பல தளங்களைக் கீழிறக்கியது. 2005 சனவரியில், ஓர் இணைப்பு வாக்காகக் கணக்கிடப்பட வேண்டியதில்லை என்பதை அறிவிக்கும் 'நோபாலோ' குறிப்பு அறிமுகமானது. ஆங்கில விக்கிப்பீடியா 2007 சனவரியில் தன் வெளியிணைப்புகள் அனைத்திற்கும் இதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. இதனால் கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் விளம்பர இணைப்புகளைச் சேர்ப்பதன் ஆதாயம் குறைந்தது.

2009 செப்டம்பரில், திறவுச்சொற்களுக்கான மெட்டா குறிச்சொல்லைத் தரவரிசைக்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் அறிவித்தது. 2011 பெப்ரவரியில் வெளியான பாண்டா தரம் குறைந்த உள்ளடக்கத்தையும், 2012 ஏப்ரலில் வெளியான பெங்குவின் செயற்கை இணைப்புகளையும் குறிவைத்தன. 2024 மார்ச்சில் பெருந்திரள் உள்ளடக்கம், காலாவதியான ஆள்களப் பெயர்களை வாங்கி அவற்றின் பழைய மதிப்பைப் பயன்படுத்துதல், நன்மதிப்புள்ள தளத்தில் பிறருடைய பக்கங்களை இடுதல் ஆகியன எரிதக் கொள்கையில் சேர்க்கப்பட்டன.

தண்டனை இருவகைப்படும். நிரல் தானாகவே தரவரிசையைக் குறைப்பது ஒன்று. பணியாளர் ஒருவர் தளத்தை ஆராய்ந்து கீழிறக்குவது அல்லது முழுவதும் நீக்குவது மற்றொன்று. பின்னதில், குறையைக் களைந்த பின்னர் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

பெரும் நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் செருமானியத் தளம் வாயிற் பக்கங்களைப் பயன்படுத்தியதற்காகக் கூகுளிலிருந்து நீக்கப்பட்டது. அப்பக்கங்கள் அகற்றப்பட்ட பின் சில நாட்களில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் அமெரிக்க அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னிக்குத் தொடர்பற்ற ஏராளமான தளங்களிலிருந்து இணைப்புகள் தரப்பட்டிருப்பதை நியூயார்க் டைம்சு வெளிப்படுத்தியது. அவ்விணைப்புகளுக்குத் தான் ஒப்புதல் அளிக்கவில்லை என்று அந்நிறுவனம் கூறி, உகப்பாக்கப் பணி செய்த நிறுவனத்தை நீக்கியது. ஆயினும் தேடல் முடிவுகளில் கீழிறங்கியது ஜே.சி. பென்னியின் தளமே. பணியைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் விளைவு தள உரிமையாளரையே சாரும் என்பதை இந்நிகழ்வு காட்டுகின்றது.

இந்திய நீதிமன்றங்களில்

தேடலில் பிறர் பெயரைப் பயன்படுத்துவது பற்றிய குறிப்பிடத்தக்க வழக்கொன்று சென்னையில் எழுந்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி முதலிய திருமணத் தகவல் தளங்களை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், தன் வணிகக்குறிகளைத் தேடுவோருக்குப் போட்டியாளர்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதை எதிர்த்துக் கூகுள் மீதும் போட்டி நிறுவனங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2010 செப்டம்பர் 30 அன்று நீதியரசர் வெ. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அக்குறிகள் சேவையை விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை என்பதும், அத்தகைய சொற்களை நேர்மையாகப் பயன்படுத்தப் பிறருக்கும் உரிமை உண்டு என்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

இதற்கு மாறாக, 2014இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பீப்பிள் இன்டராக்டிவ் தொடர்ந்த வழக்கில் ஏமாற்று நோக்கம் தெளிவாக இருந்தது. ஷாதி.காம் தளத்தின் பெயரை மற்றொரு திருமணத் தளம் தன் மெட்டா குறிச்சொற்களில் மறைத்து வைத்து, அதன் பயனர்களைத் தன்பால் திருப்பியது. நீதியரசர் கௌதம் பட்டேல் அதனைத் தடை செய்தார். தில்லி உயர் நீதிமன்ற ஆயம் 2023 ஆகத்து 10 அன்று அளித்த தீர்ப்பின்படி, பிறர் வணிகக்குறியை விளம்பரத் திறவுச்சொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே மீறல் ஆகாது. ஆனால் அது பயனரிடம் குழப்பத்தை விளைவித்தால் மீறலாகும். அவ்வாறாயின் கூகுள் இடையீட்டாளருக்குரிய பாதுகாப்பைக் கோர இயலாது.

இம்மூன்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பொதுச் சொல்லைத் தன் பொருளை விவரிக்கப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. பிறர் ஈட்டிய பெயரை மறைவில் வைத்துப் பயனரைக் குழப்புவது ஏற்கத்தக்கதன்று.

தேடுபொறியும் நேர்மையாக நடத்தல் வேண்டும் என்பது இதன் மறுபக்கம். மேட்ரிமோனி.காம் எனப் பெயர் மாறிய அதே சென்னை நிறுவனமும் கட்சு என்னும் நுகர்வோர் அமைப்பும் 2012இல் அளித்த முறையீடுகளின் பேரில், தேடல் முடிவுகளில் சார்பு காட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பெப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் தண்டம் விதித்தது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் தவறான விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கப்படலாம்.

தவிர்க்கும் முறைகள்

சிறு வணிகர்களும் உழவர் குழுக்களும் தம் தளத்தை அமைக்கும்போது பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளலாம்:

• முதலிடத்தை உறுதியளிப்பவரை நம்பாதிருத்தல். கூகுளில் முதலிடத்திற்கு யாரும் உறுதியளிக்க இயலாது என்று கூகுளே தெரிவித்துள்ளது.
• செய்யப்படும் மாற்றங்களையும் பெறப்படும் இணைப்புகளையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல். ஆள்களப் பெயரும் கடவுச்சொற்களும் உரிமையாளர் வசமே இருத்தல் வேண்டும்.
• உரையை ஒருங்குறித் தமிழில் எழுதுதல். படமாகவோ பழைய எழுத்துருக் குறிமுறையிலோ உள்ள உரை தேடலில் சரிவரக் கிடைப்பதில்லை. அக்குறையை ஈடுசெய்ய மறை உரை வைப்பது தீர்வன்று.
• ஊர்ப்பெயருக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் இருப்பின் அவற்றைப் பயனர் காணுமாறு ஒரு வாக்கியத்தில் குறிப்பிடுதல். மாவட்டம், வட்டம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றையும் தருதல்.
• பணம் பெற்று இடும் இணைப்புகளை அவ்வாறே குறித்தல். இதற்கென 2019 செப்டம்பரில் 'ஸ்பான்சர்டு' என்னும் குறிப்பு அறிமுகமானது.
• கூகுள் வழங்கும் சர்ச் கன்சோல் என்னும் கட்டணமற்ற கருவியில் தளத்தைப் பதிந்து, எச்சரிக்கைகளையும் அறியாத பக்கங்கள் சேர்ந்துள்ளனவா என்பதையும் அவ்வப்போது பார்த்தல்.
• தள மென்பொருளையும் அதன் செருகுநிரல்களையும் இற்றைப்படுத்தி வைத்தல்.

ஐயம் எழுமிடத்து ஒரு கேள்வி உதவும்: தேடுபொறி என்று ஒன்று இல்லாதிருந்தாலும் இதனைப் பயனருக்காகச் செய்திருப்போமா? இல்லை என்பது விடையாயின் அதனைத் தவிர்ப்பது நலம்.

பயனர் கவனிக்க வேண்டியவை

தரவரிசை என்பது ஒரு கணிப்பு மட்டுமே. அது உண்மைக்குச் சான்றிதழ் அன்று. வங்கிகள், தூதஞ்சல் நிறுவனங்கள் முதலியவற்றின் வாடிக்கையாளர் சேவை எண்களைப் போன்று போலி எண்களைத் தேடல் முடிவுகளில் இடம்பெறச் செய்து பணம் பறிக்கும் மோசடி இந்தியாவில் பரவலாக உள்ளது. ஆகவே வங்கியின் எண்ணைத் தேடிப் பெறுவதைக் காட்டிலும் வங்கி அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ பார்ப்பது பாதுகாப்பானது. 'விளம்பரம்' என்று குறிக்கப்பட்ட முடிவையும் இயல்பான முடிவையும் வேறுபடுத்திப் பார்த்தல் வேண்டும். பணத்தை இழந்தவர் 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணம் கைமாறுவதற்கு முன் தடுக்கும் வாய்ப்பு மிகுதி.

இவற்றையும் பார்க்கவும்

• தேடுபொறி
• பேஜ்ரேங்க்
• எரிதம்
• ஒருங்குறி
• புவிசார் குறியீடு
• கோம்பை