மந்தின் மலைச்சாலையும் மறைந்து தோன்றும் பழுதும்

கோலாலம்பூரிலிருந்து காஜாங், செமினி, பெரானாங் வழியாகத் தெற்கே வரும் பழைய நெடுஞ்சாலை, மந்தினைக் கடந்ததும் குன்றேறி, பல வளைவுகளில் நெளிந்து, சிரம்பானில் இறங்குகிறது. 1903-ஆம் ஆண்டு கோலாலம்பூரைச் சிரம்பானோடு இணைத்த இருப்புப்பாதை நீலாய், லாபு வழியே சென்றுவிட்டது. ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த மந்தினுக்கு வாய்த்தது சாலை மட்டுமே. நோயாளியை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாயினும், திருமணத்திற்குச் சரக்கு வாங்கி வருவதாயினும் இம்மலையைத் தாண்டியாக வேண்டும். நடுவழியில் கார் நின்றுவிடுமோ என்னும் அச்சம் அந்நாளில் வீண் அச்சமன்று.

போருக்குப் பின் மலாயாச் சாலைகளில் மிகுதியாகக் காணப்பட்ட கார்களுள் மோரிஸ் மைனர் ஒன்று. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அக்கார் 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமாயிற்று. 1960-களின் முடிவு கடந்தும் உற்பத்தியில் இருந்தது. தோட்டத்துக் கிராணி, டிரஸர், பள்ளி ஆசிரியர் போன்றோருக்குக் கார் என்றால் பெரும்பாலும் பிறர் ஓட்டிக் கைமாறிய பழைய காரே. பழைய காரின் கேடுகளுள் கொடியது, வந்து வந்து மறையும் கேடு. ஏற்றத்தில் நின்ற கார் அரைமணி கழித்து ஒன்றும் அறியாதது போலக் கிளம்பும். மறுநாள் காலை பட்டறையில் குறையேதும் தென்படாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று பிளக்கை மாற்றுவர்; அடுத்த வாரம் காயிலை மாற்றுவர். சம்பளம் கரையும், கார் மீண்டும் அதே வளைவில் நிற்கும். மெக்கானிக் ஏமாற்றினார் என்று உரிமையாளரும், ஓட்டத் தெரியவில்லை என்று மெக்கானிக்கும் நொந்துகொண்டதற்கு இதுவே காரணம்.

தோட்ட மக்கள் நன்கறிந்த முறைக்காய்ச்சலும் இத்தகையதே. மலேரியாக் கிருமியைக் காண, காய்ச்சல் ஏறும் பொழுதையொட்டி இரத்தம் எடுத்துப் பார்ப்பதே மருத்துவர் வழக்கம். நோயின் அளவோடு காலத்தையும் கருதச் சொன்னார் வள்ளுவர். காருக்கும் காலம் கருதியே ஆகவேண்டும்.

சூடேறி நிற்கும் காருக்குக் காரணம் இரண்டு திசையில் இருக்கலாம்: தீப்பொறி, பெட்ரோல். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டென்சரோ, காயிலோ சூட்டில் தளர்ந்து, ஆறியதும் தேறிவிடுவதுண்டு. பெட்ரோலும் இயந்திரச் சூட்டில் குழாய்க்குள்ளேயே ஆவியாகித் தடைப்படுவதுண்டு. இரண்டும் ஒரே முகம் காட்டுவதால் கார் ஆறுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். பிளக்கின் கம்பியை இயந்திரத்தின் இரும்புக்கு அருகே காப்போடு பிடித்துச் சுழற்றினால், பொறி பாய்கிறதா என்பது தெரியும். பாய்ந்தால் பெட்ரோலைத் தேட வேண்டும்.

மைனரில் அதற்குச் செவியே துணை. அதன் எஸ்.யூ. பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் ஓயும். ஓயாமல் விரைந்து அடித்தால் பெட்ரோல் தீர்ந்தது, அல்லது காற்றோ ஆவியோ புகுந்தது. ஈரத்துணியைச் சுற்றிப் பார்க்கலாம். ஓசையே எழாவிடில் பம்பின் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கக்கூடும். ஸ்பேனரால் பம்பை மெல்லத் தட்டியதும் உயிர்பெற்றால் ஐயம் பெரிதும் தீர்ந்தது. தட்டி ஓட்டிய கார்கள் எத்தனையோ! ஆயினும் தட்டுதல் நோயறியும் வழியே, மருந்தாகாது.

மலையேற்றம் வேறொன்றையும் காட்டிக் கொடுத்தது. இயந்திரம் அலறும், கார் முன்னேறாது. இயந்திரம் வலுவிழந்ததென்று அதைப் பிரிக்கத் தொடங்கினால் பணம் பாழ். உண்மையில் நழுவுவது கிளட்ச். 1952-க்குப் பின் வந்த மைனர் இயந்திரங்களில் பின்புறம் எண்ணெய் கசிவது வழக்கம். ஏற்றத்தில் எண்ணெய் பின்னோக்கிச் சாய, கசிவு கிளட்ச் தகட்டை நனைக்கும். சமவெளியில் இக்குறை ஒளிந்துகொள்ளும். சிரம்பான் நோக்கி இறங்கும்போதோ கியர்ப் பெட்டியின் முறை. எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானே கழன்றால், பல்லோ, அதைப் பற்றி நிறுத்தும் வில்லோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். இறக்கத்தில் கியர் கழன்றால் பிரேக் ஒன்றே கதி. இங்கே பிழையான கணிப்பு உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே திறமுள்ள மெக்கானிக் கருவியை எடுக்குமுன் கேட்ட கேள்விகள் எளியவை: எப்போது நின்றது? ஏற்றமா, இறக்கமா? மழையா, வெயிலா? எவ்வளவு தூரம் ஓடிய பின்? இவற்றுக்கு விடை சொல்ல ஓட்டுநர் கவனித்திருக்க வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் கைப்பழக்கமாகவும் வாய்மொழியாகவுமே நின்றது. தமிழில் எழுதி வைத்தோர் மிகச் சிலர் என்பது வருந்தத்தக்கது.

1970-களில் கோலாலம்பூர்–சிரம்பான் விரைவுச்சாலை வந்தபின் மந்தின் மலையேறும் வாகனங்கள் குறைந்தன. 1985-இல் புரோட்டோன் சாகா வெளிவந்தது. பின்னர் வந்த கார்களில் கணினி அமர்ந்தது. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முறையின்படி, குறியீட்டோடு, பழுது தோன்றிய கணத்தின் வேகம், இயந்திரச் சூடு முதலியனவும் பதிவாகின்றன. 'எப்போது?' என்னும் பழைய கேள்விக்கு இன்று காரே விடை எழுதி வைக்கிறது. மைனரை இன்னும் பேணி வருவோரிடம் அவ்வசதி இல்லை. அவர்கள் ஒரு சிறு குறிப்பேட்டைக் காரிலேயே வைத்திருத்தல் நலம்.