உடுமலையின் ஏழு குளங்கள்

உறவினர் இல்ல நிக்காஹுக்காக உடுமலைப்பேட்டை சென்றிருந்தேன். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், உள்ளூர் நண்பரொருவர் என்னைத் தளிக்குச் செல்லும் சாலையில் அழைத்துச் சென்றார். தெற்கே திருமூர்த்தி மலை. அதன் அடிவாரம் நோக்கிப் போகையில் சாலையை அடுத்தும் உள்ளொதுங்கியும் நீர்நிலைகள்: பெரியகுளம், செங்குளம், ஒட்டுக்குளம், தினைக்குளம், செட்டிகுளம், கரிசல்குளம், அம்மாபட்டிக் குளம் என ஏழு. குளமென்றதும் படித்துறையோடு கூடிய சிறு நீர்நிலையை எண்ணிவிட வேண்டாம். வடமாவட்டத்தார் ஏரி என்பதையே கொங்கு நாட்டார் குளம் என்பர்.

இவை இயற்கையாய் அமைந்த பள்ளங்கள் அல்ல. தளிப் பாளையக்காரர் காலத்தில் வெட்டப்பட்டவை என்பது வட்டார மரபு. ஒரு குளம் நிரம்பியதும் மிகைநீர் அடுத்த குளத்தைச் சென்றடையும் வண்ணம் அமைத்திருக்கிறார்கள். மேற்குளத்தார் முறை தவறினால் கீழ்க்குளத்தார் வயல் காயும். ஆகவே இது மண்வேலை மட்டுமன்று. ஊர்களுக்கிடையே ஓர் உடன்படிக்கையுமாகும்.

இன்று இவற்றிற்கு நீர், திருமூர்த்தி அணையிலிருந்து தளி வாய்க்கால் வழியே வருகிறது. அவ்வணைக்குப் பெரும்பகுதி நீர் எங்கிருந்து வருகிறது? முன்னர் அரபிக் கடல் நோக்கி ஓடிய மலையாற்று நீர், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தால் குகைவழியாய்த் திருப்பப்பட்டு, சர்க்கார்பதி மின்நிலையத்தைக் கடந்து, மலைச்சரிவுக் கால்வாயில் நெடுந்தூரம் நடந்து இங்கு சேர்கிறது. தமிழகமும் கேரளமும் 1970 மே மாதம் கையொப்பமிட்ட இவ்வொப்பந்தம், 1958 நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

பறவைகளை யாரும் அழைக்கவில்லை. நெல்லுக்குத் தேக்கிய நீரில் மீன் பெருகியது, அவை வந்துவிட்டன. நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்த, முக்குளிப்பான்கள் மூழ்கி எழ, மஞ்சள் மூக்கு நாரைகள் கால் நனைய நின்றன. நாரைக்கு அரபியில் ‘லக்லக்’ என்று பெயர்; அலகைத் தட்டி எழுப்பும் ஓசையே பெயராயிற்று. 1405-இல் மறைந்த எகிப்திய அறிஞர் தமீரீ, ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் நூலில் உயிரினங்களை அகரவரிசையில் தொகுத்து, சொல்லிலக்கணம், உண்ணலாமா கூடாதா என்ற சட்டம், கனவின் பலன் யாவும் எழுதினார். மாணவப் பருவத்தில் அதைப் படித்த எனக்கு, உயிருள்ள லக்லக்கை நின்று பார்க்க ஐம்பது வயது கடந்தது! காட்டில் தங்கிப் பார்த்து எழுதியவர் சாலிம் அலி. 1933-இல் திருவிதாங்கூர்ப் பறவைகளை ஆராய வந்த அவர் தொடக்கத்தில் தங்கிய இடம் மறையூர். உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் உள்ளது.

உடுமலை 2009 முதல் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. திருப்பூர் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையின் நீரை உழவரே வேண்டாமென்றனர். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாவட்டத்தின் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏழு குளங்களுக்கு அத்தகைய பட்டயம் எதுவுமில்லை.

திரும்பும் வழியில் ஒரு குளத்தின் உட்கரையில் இடிந்த கட்டடத்தின் செங்கல்லும் காரையும் கொட்டிக் கிடந்தன. “போன மாசம் இது இல்லீங்க, ஹஜ்ரத்” என்றார் நண்பர். அக்குவியலின் மேல் வெண்கொக்கொன்று நின்றிருந்தது.