ஒரு பாதி மேலாடை

கடுங்குளிர் காலம். ஆமியான் நகர வாசலில், உடுக்கத் துணியில்லாத ஒருவன் போவோர் வருவோரிடம் கையேந்தி நிற்கிறான். யாரும் நிற்கவில்லை. ரோமப் படையின் இளம் வீரர் மார்ட்டின் அந்த வழியாக வருகிறார். கையிலிருந்ததையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது மேலே போர்த்தியிருக்கும் ஆடை மட்டுமே. வாளை உருவி அதை இரண்டாக வெட்டுகிறார். ஒரு பாதி அவனுக்கு, மறு பாதி தமக்கு. அரைகுறை ஆடையோடு நின்ற வீரரைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள் என்று எழுதுகிறார், அவரை நேரில் அறிந்த சுல்பீசியஸ் செவேருஸ்.

கொடுத்த பாதியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வைத்துக்கொண்ட பாதி போன வழிதான் என்னை வெகு நாளாகத் தொடர்கிறது.

மார்ட்டின் பின்னர் தூர் நகரத்து ஆயரானார். 397இல், வியென் ஆறு லுவாரில் கலக்கும் காந்த் என்ற ஊரில் இறந்தார். உடலைப் படகில் ஏற்றி லுவார் வழியே தூருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த கல்லறையைப் பிராங்கு அரசர்கள் தங்கள் காவலாகவே எண்ணினார்கள். 507இல் விசிகோத்துகள் மேல் படையெடுத்துப் போன குளோவிஸ், தூர் எல்லைக்குள் புல்லும் தண்ணீரும் தவிர எதையும் தொடக் கூடாது என்றார். ஏழை ஒருவரின் வைக்கோலைப் பறித்த தன் வீரனைக் கொன்றார்.

மேலாடை அரச ஆவணத்தில் தலைகாட்டுவது 679இல். மன்னர் மூன்றாம் தியூடெரிக் முன்னால் ஒரு நில வழக்கு. அக்கில்டிஸ் என்ற பெண், தன் நிலத்தை அமால்காரியுஸ் என்பவன் பறித்துக்கொண்டதாக முறையிடுகிறாள். அவனோ, தகப்பன் காலத்திலிருந்து முப்பது ஆண்டுக்கு மேலாக அனுபவித்து வருகிறோம் என்கிறான். ஆறு பேரை உடன் அழைத்துவந்து, ஏழாவது ஆளாகத் தானும் நின்று, அரண்மனை வழிபாட்டுக்கூடத்தில் மார்ட்டினின் மேலாடை மேல் சத்தியம் செய்ய வேண்டும் என்பது தீர்ப்பு. குறித்த நாளில் லுசார்ஷ் அரண்மனைக்கு வந்து சத்தியம் செய்தான். நிலம் அவனிடமே தங்கியது. இல்லாதவனுக்காக வெட்டப்பட்ட துணி, இப்போது இருப்பவனின் நிலத்துக்குச் சாட்சி சொன்னது. அக்கில்டிஸ் என்ன நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பாள்?

அரசர் போகுமிடமெல்லாம் துணியும் போனது, போர்க்களத்துக்கும் கொண்டுபோனார்கள். அதைக் காக்க ஆள் வேண்டுமே? லத்தீனில் மேலாடை ‘கப்பா’. அதைக் காத்த குருக்கள் ‘கப்பெல்லானி’. அதுவே இன்றைய சாப்ளின். துணி இருந்த இடம் ‘கப்பெல்லா’. நம் கிறிஸ்தவக் கல்லூரிகளில் பிள்ளைகள் காலையில் கூடும் ‘சாப்பல்’ வரை அந்தச் சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

துணிக்குப் பக்கத்தில் நின்றவர் அரசருக்கும் பக்கத்தில் நின்றார். ஆயர் பதவிக்கு ஏற அதுதான் ஏணி. ஆயரைக் குருக்களும் மக்களும் தேர்ந்தெடுக்க வேண்டும், அரசர் இசைய வேண்டும் என்றது 549இல் ஓர்லேயானில் கூடிய சங்கம். 614இல் இரண்டாம் குளோத்தார் பிறப்பித்த பாரிஸ் ஆணையோ, அரண்மனையிலிருந்து ஒருவரை எடுத்தால் தகுதியும் கல்வியும் பார்த்தே எடுக்க வேண்டும் என்கிறது. அரண்மனை வழி அப்போதே திறந்துதான் இருந்தது என்று இதிலேயே தெரிகிறது.

பின்னர் வந்த கரோலிங்கிய அரசர்கள் காலத்தில் அந்த வழி அகலமானது. சாந்தெனி மடத்துத் தலைவர் ஃபுல்ராட், பெப்பினின் தலைமைச் சாப்ளின். பெப்பின் அரசராகலாமா என்று கேட்கத் திருத்தந்தை சக்கரியாவிடம் தூது போனவர்களில் ஒருவர். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் மெட்ஸ் ஆயர் அங்கில்ராம். ஆயர் தம் மக்களோடு இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் பழைய சட்டம். அதனால் அங்கில்ராமை அரண்மனையில் வைத்துக்கொள்ள மன்னர் சார்லமேன் ரோமாபுரியின் அனுமதி வாங்கினார். 794இல் பிராங்க்பர்ட்டில் ஆயர்கள் கூடியபோது, கொலோன் ஆயர் ஹில்டிபால்டுக்காக அதே விலக்கு மறுபடி கேட்கப்பட்டது.

அரசர் தந்த பதவியெல்லாம் வீண் போகவில்லை. 796இல் மார்ட்டினின் தூர் மடத்தையே சார்லமேன் தம் அறிஞர் அல்குயினுக்குக் கொடுத்தார். அங்கே உருவான எழுத்துக்கூடம் பின்னர் முழு விவிலியத்தையும் ஒரே பெரிய ஏடாகப் படியெடுத்துக் கொடுத்தது. ஆனாலும் மெட்ஸிலும் கொலோனிலும் ஆயரின் முகம் காணாமல் காத்திருந்தவர்களை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கோர்பி மடத்தின் வாலா, பேரரசர் பக்திமான் லூயிக்கு எதிரிலேயே இதைச் சொன்னார்: அரண்மனைச் சாப்ளின்கள் துறவியரும் அல்லர், ஒழுங்குக்குட்பட்ட குருக்களும் அல்லர், பதவிக்கும் ஆதாயத்துக்குமே சேவை செய்கிறார்கள். அரசர் காதில் விழும்படி இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

சாப்ளின் என்ற சொல்லின் பிறப்பை எழுதிவைத்தவர்களில் ஒருவர் வாலஃபிரிட் ஸ்ட்ராபோ. அவரும் அதே ஏணியில் ஏறியவர். பேரரசர் லூயியின் அரண்மனைக்கு வந்து, இளவரசர் சார்லஸுக்கு ஆசிரியராகி, 838இல் ரைஷெனௌ மடத்தின் தலைமையைப் பேரரசர் கையிலிருந்து பெற்றார். 849 ஆகஸ்டில், அரசராகிவிட்ட அந்த மாணவரிடம் தூது போனார். வழியில் ஆறு குறுக்கிட்டது. கடக்கும்போது நீரில் மூழ்கி இறந்தார். அது லுவார்.