ஒரு நோய் பிறந்த வரலாறு

பெரியம்மையும் வெறிநோயும் இவ்வுலகில் எந்த ஆண்டில் தோன்றின என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. வரலாற்று ஏடுகள் அவற்றைக் குறிக்கத் தொடங்கியபோதே அவை பழைய நோய்களாகிவிட்டன. ஆனால், நாய்க்குட்டிகளைக் கொல்லும் ஒரு நோய், ஏறக்குறைய ஆராய்ச்சியாளர் கண்ணெதிரிலேயே பிறந்தது. பார்வோ நோய் என்பது அதன் பெயர். அஃது எங்கிருந்து வந்தது, அதன் பிறப்பை எவ்வாறு அறிந்தனர் என்பவற்றை இன்று காண்போம்.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் நாய்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றன. உணவை வெறுத்தன, ஓயாது வாந்தியெடுத்தன, குருதி கலந்து கழிந்தன. இளங்குட்டிகள் இரண்டு மூன்று நாட்களில் மடிந்தன. பிறந்து சில வாரங்களேயான குட்டிகள் சில, வயிற்றுப்போக்கு ஏதுமின்றியே, இதயத் தசை நலிந்து திடீரென வீழ்ந்து இறந்தன. அதுவரை இந்நோயை அறியாத நாய்களின் உடலில் அதனை எதிர்க்கும் ஆற்றல் இல்லை. தாய்க்கே இல்லாத காப்பு குட்டிக்கு எங்ஙனம் கிட்டும்?

நோயுற்ற நாய்களின் கழிவை எலக்ட்ரான் நுண்பெருக்கியால் நோக்கியபோது மிகச் சிறிய நச்சுயிரிகள் தென்பட்டன. ஒரு மில்லிமீட்டரை 40,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒவ்வொன்றின் குறுக்களவு. இலத்தீன் மொழியில் 'பார்வுஸ்' என்றால் சிறியது என்று பொருள். 1967இல் நாய்களிடம் வேறொரு பார்வோ நச்சுயிரி கண்டறியப்பட்டிருந்தமையால், புதியதை 'இரண்டாம் வகை' என்றனர்.

இந்நச்சுயிரி 1978இல்தான் தோன்றியதா? மன்னர்களின் காலத்தைக் கணிக்க நமக்குக் கல்வெட்டுகள் உள்ளன. நோயின் காலத்தைக் கணிக்க எது துணை? ஆய்வுக்கூடங்களில் வேறு பணிகளுக்காக உறையவைத்துச் சேமித்திருந்த நாய்களின் குருதிநீரே துணையாயிற்று. ஓர் உடல் ஒரு நோயை எதிர்த்துப் போராடினால், அப்போராட்டத்தின் சுவடாகிய எதிர்ப்பொருள் குருதிநீரில் தங்கும். பழைய குப்பிகளை எடுத்துச் சோதித்தனர். 1974ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்க நாட்டு நாய்களின் குருதிநீரில் அச்சுவடு இருந்தது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 1976, 1977ஆம் ஆண்டுகளில் தென்பட்டது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் 1978க்கு முன் அது காணப்படவில்லை. எனவே, ஐரோப்பாவில் சில ஆண்டுகள் மறைந்திருந்த நச்சுயிரி, பின்னர் ஒரே ஆண்டில் உலகைச் சுற்றிவிட்டது என்பது தெளிவாயிற்று.

இதன் முன்னோர் யார்? பூனைகளைத் தாக்கும் குடல்நோய் ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. 1947இல் கனடாவின் பண்ணைகளில் மிங்க் என்னும் சிறு விலங்குகளிடையேயும் அதனைப் போன்ற நோய் பரவியது. அவற்றின் நச்சுயிரிகளோடு ஒப்பிட்டபோது, நாய் நச்சுயிரியின் மரபுச் செய்தியில் நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைவான வேறுபாடே காணப்பட்டது. அச்சிறு வேறுபாடு அதன் புற உறையை மாற்றியது. நாயின் உயிரணுக்கள் இரும்புச் சத்தை ஏற்பதற்கென வைத்திருக்கும் வாயிலைப் பற்றி உள்ளே நுழையும் ஆற்றல் அதனால் அதற்குக் கிட்டியது. பூனைத் தடுப்பூசியிலிருந்தே இது பிறந்தது என்று ஐயுற்றோரும் உண்டு. அதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை.

உறவு கண்டது பெரும்பயன் அளித்தது. நாய்க்கென மருந்து ஆயத்தமாகும் முன்னர்ப் பூனைத் தடுப்பூசியையே நாய்களுக்குப் போட்டனர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் முதலியோர் விரைந்து உழைத்து, வீரியம் குறைத்த நச்சுயிரியால் ஆன தடுப்பூசியை உருவாக்கினர்.

நச்சுயிரியும் வாளா இருக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அது சிறிது மாறி, தொடக்கத்தில் இழந்திருந்த பூனையைத் தொற்றும் திறனையும் மீண்டும் பெற்றது. 1980களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்தும் இந்நோய் பற்றிய அறிக்கைகள் வெளியாயின. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவில் 1980இல் 50 ஓநாய்கள் இருந்தன. 1982இல் எஞ்சியவை 14. யாரோ விதியை மீறிக் கொணர்ந்த நாயின் வாயிலாக இந்நோய் அத்தீவை அடைந்தது என்று கருதுகின்றனர்.

நம் தெருக்களில் இன்றும் எத்தனையோ குட்டிகள் இந்நோயால் மடிகின்றன. இதன் நச்சுயிரி மண்ணில் பல மாதங்கள் அழியாமல் கிடக்கும். செருப்பில் ஒட்டியும் வீட்டுக்குள் வரும். சலவைத் தூளின் குளோரினுக்கு அஞ்சும். தாய்ப்பாலில் பெற்ற காப்பு தேயும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும். அக்காப்பு வலுவுடன் இருக்கும்வரை தடுப்பூசி பயன் தராது. தேய்ந்தபின்னரோ நோய் முந்திக்கொள்ளும். ஆதலின், ஆறாவது வாரம் முதல் எட்டாவது வாரத்திற்குள் தொடங்கி, பதினாறாவது வாரம் நிறையும்வரை சில வார இடைவெளியில் ஊசி போடவேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்துவது, பாதி கட்டிய அணையை நம்பி உறங்குவது போன்றதாகும்.

மாணவர்களே! ஓர் உயிரினத்தின் நோய் மற்றோர் உயிரினத்திற்குத் தாவுவது பழங்கதை அன்று. அத்தகைய தாவலுள் ஒன்றின் நாளையும் வழியையும் நாம் அறிய முடிந்தது, எவரோ பொறுமையுடன் பெயரும் நாளும் எழுதிச் சேமித்து வைத்த குப்பிகளால் அன்றோ? நாளை எது பயன்படும் என்று அறியாமலே இன்று செம்மையாகக் குறித்து வைப்பதும் அறிவியல் தொண்டேயாகும்.