பேரேட்டிலிருந்து வலையமைப்புக்கு: இந்திய ரயில்வே முன்பதிவு முறையின் வரலாறு

அமைப்புப் பொறியியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஏவுகணைகளிலும் விண்கலங்களிலும் தொடங்குவர். இந்தியச் சூழலில் அத்துறையின் செறிவான பாடமொன்று ரயில் நிலைய முன்பதிவு கவுன்ட்டரில் கிடைக்கிறது. 1985க்கும் 1999க்கும் இடையில் முன்பதிவைக் கணிப்பொறிக்கு மாற்றியபோது, இந்திய ரயில்வே என்னும் பெருநிறுவனம் தன் விதிகளைத் தானே படித்தறிய நேர்ந்தது.

அதற்கு முன்னர் ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பேரேடு இருந்தது. ஒரு பேரேட்டை ஒரு நேரத்தில் ஓர் எழுத்தரே கையாள முடியும். ஆகவே வண்டிகள் கவுன்ட்டர்களுக்கிடையே பங்கிடப்பட்டிருந்தன. ஒரு கவுன்ட்டரின் முன் நெடுவரிசை நிற்க, அடுத்த கவுன்ட்டர் வெறிச்சோடிக் கிடக்கும். திரும்பும் பயணத்துக்கு இடம் வேண்டுமெனில் அந்த ஊருக்குத் தந்தி அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். இடம் உண்டா, இல்லையா என்பதற்கு எழுத்தரின் சொல்லே சான்று. அதைச் சரிபார்க்கும் வழி பயணிக்கு இல்லை.

1985 நவம்பரில் புதுதில்லியில் 'இம்ப்ரெஸ்' என்னும் முறை முன்னோட்டமாகத் தொடங்கியது. இதை உருவாக்கியது அரசு நிறுவனமான சிஎம்சி. 1978இல் ஐபிஎம் நாட்டை விட்டு வெளியேறியபின் அதன் கணிப்பொறிகளைப் பராமரித்த நிறுவனமும் இதுவே. எந்தக் கவுன்ட்டரிலும் எந்த வண்டிக்கும் பயணச்சீட்டு வழங்க இயலும் என்பதே இம்முறையின் முதன்மையான மாற்றம்.

கடினம் இயந்திரத்தில் இருந்ததைவிட விதிகளில் மிகுந்திருந்தது. பொது ஒதுக்கீடு, மகளிர் ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, படைத்துறை ஒதுக்கீடு, மாணவர்க்கும் நோயாளிக்கும் வெவ்வேறு கட்டணச் சலுகைகள், ஆர்ஏசி, காத்திருப்போர் பட்டியல் என விதிகள் பல்லாண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்திருந்தன. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் புதுதில்லியில் ஏறியவர் நாக்பூரில் இறங்கினால், அப்படுக்கை நாக்பூரிலிருந்து சென்னை வரை வேறொருவருக்கு உரியதாகலாம். ஆகவே படுக்கை என்பது ஒரு பொருளாக நில்லாது, பல துண்டுகளாகப் பகுக்கத்தக்க உரிமையாகிறது. தேர்ந்த எழுத்தர் இவற்றைப் பழக்கத்தால் அறிந்திருந்தார். கணிப்பொறிக்கோ ஒவ்வொரு விதியையும் விதிவிலக்கையும் ஐயமற எழுதித் தர வேண்டும்.

அடுத்த சிக்கல் எல்லைகளில் எழுந்தது. தில்லியைத் தொடர்ந்து மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் உருவாயின. ஆயினும் ஒவ்வொன்றும் தனித்தீவாகவே இருந்தது. பேரேடுகளுக்கிடையே இருந்த பழைய இடைவெளி இப்போது நகரங்களுக்கிடையே இடம்பெயர்ந்திருந்தது.

ரயில்வே அமைச்சகத்தின்கீழ் 1986இல் நிறுவப்பட்ட 'கிரிஸ்' என்னும் ரயில்வே தகவல் முறைமை மையம் இச்சிக்கலை எதிர்கொண்டது. அது உருவாக்கிய 'கான்செர்ட்' முறை 1994இல் செகந்தராபாத்தில் நடைமுறைக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒரே வலையமைப்பாயின. எல்லா வண்டிகளின் கணக்கையும் ஐந்து இடங்களிலும் படியெடுத்து வைத்திருந்தால், இணைப்பு அறுபடும் வேளையில் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்பட்டிருக்கும். எனவே ஒவ்வொரு வண்டியின் கணக்கும் ஒரு மையத்துக்கே உரியதாக வைக்கப்பட்டது. கோரிக்கை எந்த ஊரில் எழுந்தாலும் அம்மையத்துக்குச் சென்று தீர்வு பெற்றுத் திரும்பியது. பெரிய அமைப்பில் எந்தத் தரவுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் வரையறுக்க வேண்டும் என்னும் நெறிக்கு இது தெளிவான சான்று.

அவ்வரையறையின் பயன் பின்னர் வெளிப்பட்டது. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையவழி முன்பதிவைத் தொடங்கியபோது, அது பழைய மையக் கணக்கோடு இணைந்த மற்றொரு கவுன்ட்டராகவே அமைந்தது. வாசல் புதிது, உள்ளிருந்த கணக்கு பழையது.

எனினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. கணிப்பொறியால் ஒரு படுக்கையைக்கூடக் கூடுதலாக உருவாக்க இயலவில்லை. பற்றாக்குறையை வரிசைப்படுத்தி வெளிப்படையாக்கவே இயன்றது. தன் காத்திருப்பு எண்ணைப் பயணி அறிய முடிந்தது உண்மையான மாற்றமே. அதே வேளையில், எவருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்னும் முடிவு கவுன்ட்டரில் அமர்ந்தவரின் கையை விட்டு நீங்கி, விதி வகுப்போரிடம் முழுமையாகச் சென்றது. எழுத்தரிடம் நேரில் முறையிட்டவர், இப்போது கண்ணுக்குப் புலப்படாத விதியிடம் முறையிட வேண்டியவரானார்.

பெருநிறுவனங்களின் வரலாற்றை ஆராய்வோர் சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் வாசிப்பதோடு, மென்பொருளில் உறைந்த விதிகளையும் ஆவணமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. எழுத்தர்களின் நினைவில் தங்கியிருந்த ஒரு நிர்வாக மரபு இறுதியாக எழுதி வைக்கப்பட்ட இடம் அதுவே.