கொழுந்துக்கு வீசிய காற்று: சப்பிரகமுவ லயங்களின் காற்றோட்டம் பற்றிய ஒரு நோக்கு

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை செல்லும் வீதியில், பெல்மதுளைக்கு அப்பால் அமைந்துள்ளது ஓப்பநாயக்க. களனிவெளிக் குறும்பாதைப் புகைவண்டி 1976 வரை சென்றடைந்த இறுதி நிலையம் அதுவே. சுற்றியுள்ள குன்றுகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து விளைகின்றன. மலையகம் என்றதும் நுவரெலியாவின் பனியையே நினைந்து பழகிய நமது ஆய்வுலகம் இப்பகுதியை அதிகம் கண்டுகொண்டதில்லை. இலக்கிய மாணவராகிய நாமோ லயத்தைக் கதைக்களமாக மட்டுமே வாசித்து வந்துள்ளோம். ஆனால், மனிதர் எவ்வளவு காற்றைச் சுவாசிக்கலாம் என்பதை வரையறுத்த ஒரு கட்டடமாகவும் அதனை நோக்குதல் வேண்டும்.

தோட்டத்தில் காற்றைப் பற்றிய அறிவு இல்லாதிருந்ததா? தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடிகளைப் பார்த்தோர் அவ்வாறு கூறார். கொழுந்து வாட்டுவதற்கென அமைந்த அம்மாடிகளில் சுவர்நெடுக யன்னல்கள். காற்றைச் செலுத்தப் பெருவிசிறிகள். ஈரக்குமிழும் உலர்குமிழும் கொண்ட வெப்பமானி. அவ்விரு குமிழ்களின் அளவு வேறுபாட்டைக் கண்டே காற்றின் ஈரப்பதன் கணிக்கப்பட்டு, யன்னல் திறப்பதும் மூடுவதும் தீர்மானிக்கப்பட்டன. இறப்பர்த் தோட்டத்துப் புகைவீட்டிலும் இதே கவனம் இருந்தது. தொங்கவிடப்பட்ட இறப்பர்த் தகடுகள் பழுதடையாதிருக்க வெப்பம் 60 பாகை செல்சியசை விஞ்சலாகாது. ஈரக்காற்று வெளியேறக் கூரையிலே திறந்து மூடும் வழிகள் வேண்டும். புகை அளந்தே விடப்பட்டது.

அதே தோட்டத்தின் லயத்துக்கு வருவோம். பன்னிரண்டடிக்குப் பத்தடிக் காம்பிரா, ஒரு கதவு, யன்னல் இருந்தால் அதுவும் சிறியது. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. முதுகோடு முதுகாக அமைந்த இரட்டை லயங்களில் பின்சுவர் அயல்வீட்டுக்காரருடையது. ஆகவே காற்று ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேற வழியே இல்லை. இதற்குள்ளேயோ இஸ்தோப்பிலேயோ அடுப்பு. பெரட்டுக்கு முன் எழுந்து, கவ்வாத்து மிலாறையோ ஈர இறப்பர் விறகையோ மூட்டி ஊதும் பெண்ணின் நெஞ்சுக்குள் போன புகைக்கு அளவுகோல் எதுவும் இருக்கவில்லை.

இது அறியாமையின் விளைவன்று. மூடிய அறையின் காற்றுப் பழுதாவதைக் கரியமிலவாயுவின் அளவைக் கொண்டு அறியலாம் என மியூனிச் நகரத்துப் பெற்றன்கோபர் 1858இலேயே காட்டியிருந்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அவரது எல்லை இன்றும் காற்றுமானிகளில் வழங்குகிறது. மஞ்செஸ்ரரின் முதுகோடு முதுகான தொழிலாளர் வீடுகளில் காற்றோட்டம் தடைப்படுவதை ஏங்கெல்ஸ் 1845இல் எழுதினார். பிரித்தானியப் பாராளுமன்றம் 1909இல் தொழிலாளருக்கு அத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடைசெய்தது. (முன்னரே அனுமதி பெற்ற திட்டங்களைக் காட்டி லீட்ஸ் நகரில் 1930கள் வரை கட்டினார்கள் என்பது வேறு கதை.) இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் பதிவுசெய்யப்பட்ட கம்பனிகளுக்கு இவ்வறிவு கடல்கடந்து வந்தபோது, அது தொழிற்சாலைக்குள் நுழைந்தது, லயத்தை எட்டவில்லை.

குடியேற்ற அரசு வாளாவிருந்தது என்றும் கூறவியலாது. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்ட மருத்துவத்துக்கும் துப்புரவுக்கும் வழிசெய்தன. 1916இல் றொக்பெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி தொடங்கியது. கொக்கிப்புழு இரத்தத்தைக் குறைத்து நாள்வேலையைக் கெடுக்கும். நட்டம் உடனே கணக்கேட்டில் தெரியும். அடுப்புப் புகையோ ஆண்டுக்கணக்கில், கூலியில்லாத சமையல் வேலையில், பெரும்பாலும் பெண்களையும் மடியிலுள்ள குழந்தைகளையும் தாக்குவது. மூலதனத்தின் ஏடுகளில் அதற்குப் பத்தி கிடையாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து வாக்கும் பறிபோனபின், யன்னல் கேட்பதற்கான அரசியற் குரலும் ஒடுங்கிற்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். தோட்டங்களை அரசு ஏற்ற 1970களும், முகாமையைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்த 1992உம் இடையில் வந்து போயின. லயம் நின்றது.

மேலை நாடுகளில் 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளை மிச்சப்படுத்த வீடுகளின் இடுக்குகளை அடைத்தனர். அடைத்தபின் உள்ளே தேங்கிய காற்று நோய் தருவதைக் கண்டு, அதனை அளக்கும் ஒரு துறையே வளர்ந்தது. அங்கே அடைப்பு வெப்பச் சிக்கனத்துக்காக. இங்கே கட்டடச் செலவின் சிக்கனத்துக்காக. நமது பக்கத்து அடுப்புகளை அளந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று, குஜராத்தின் நான்கு கிராமங்களைப் பற்றி 1983இல் வெளிவந்த கேர்க் சிமித் குழுவினரின் ஆய்வு. சமைக்கும் பெண்கள் சுவாசித்த காற்றில் கன மீற்றருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தமையை அது வெளிப்படுத்தியது. விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய காரணிகளுள் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வகைப்படுத்தியது.

விறகைக் குறைக்கும் 'அனகி' மண்ணடுப்பு 1980களிலிருந்து இலங்கையிற் பரவியது நன்றே. எனினும் புகைபோக்கியற்ற அடுப்பு விறகை மிச்சப்படுத்துமேயன்றிப் புகையை வெளியேற்றாது. 550 சதுர அடியில் எழும் புதிய வீடுகளில் சமையலறை தனியே உண்டு. அதன் யன்னலுக்கு எதிர்ச்சுவரில் திறப்பு உண்டா, அடுப்புக்கு மேலே புகை போகும் வழி உண்டா என்று கேட்கவேண்டியவர்கள் நாமே. கையடக்கக் காற்றுமானி இன்று அரிய பொருளன்று. கொழுந்து மாடியில் தொங்கிய வெப்பமானியைப் போல அதனை அதிகாலை ஐந்து மணிக்கு ஓர் ஓப்பநாயக்க லயத்தின் அடுப்பருகே வைத்துக் குறிப்பெடுப்பது பல்கலைக்கழக மாணவர் ஒருவரால் ஒரு விடுமுறைக்குள் செய்யக்கூடிய வேலை.