மார்ப்பிடுகு பெருங்கிணறு சொல்லும் திருவெள்ளறை

திருச்சியிலிருந்து துறையூர் சாலையைப் பிடித்தால் சுமார் 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய புண்டரீகாட்சப் பெருமாளின் ஊர். வைணவ ஆசாரியர்களான உய்யக்கொண்டாரும் எங்களாழ்வானும் பிறந்த ஊர். உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று ஆறு மாதத்துக்கு ஒன்றாகத் திறக்கும் வாசல்களைக் கண்டு வியப்பவர்கள் பலர், மதிலுக்கு வெளியே இருக்கும் நாலுமூலைக்கேணியை எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆனால் இந்த ஊர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால், முதலில் சாட்சி சொல்ல வேண்டியது அந்தக் கிணறுதான்.

பல்லவ மன்னன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 800-ஐ ஒட்டி, வேலை முடிந்திருக்கிறது. எடுப்பித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன் என்று அங்குள்ள கல்வெட்டே பெயர் சொல்கிறது. ஸ்வஸ்திக வடிவில் நான்கு புறமும் படிகள் இறங்குகின்றன. ஒவ்வொரு வழியும் மடங்கித் திரும்புவதால், ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் நிற்பவர் கண்ணில் பட மாட்டார். ஒரே தண்ணீரைப் பலர் பகிரும்போதும் அவரவர் கூச்சம் காக்கப்பட வேண்டும் என்று எண்ணிய கட்டுமானம் இது.

கிணற்றின் பெயரே மார்ப்பிடுகு பெருங்கிணறுதானே, அது தந்திவர்மனின் பட்டப்பெயராயிற்றே, ஆகவே இது அரசன் செய்த அறம்தானே என்று கேட்கலாம். பெயர் அரசனுக்குச் செய்த மரியாதை. செய்வித்தவர் யார் என்பதில் கல்வெட்டு குழப்பம் வைக்கவில்லை. ஸ்வஸ்திகம் மங்கலச் சின்னம் மட்டுமே என்போரும் உண்டு. மங்கலம் இருக்கட்டும், ஆனால் அந்த வடிவம் குளிப்பவருக்கு மறைவும் தருகிறதே, அந்தப் பயனை ஏன் ஒதுக்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பொறித்திருக்கும் பாடல் அரசன் வீரத்தைப் பாடவில்லை. நிலையாத உலகில் ஆசை வைத்து நிற்காதே, மூப்பு வந்து தளர்த்துமுன் உண்டது போக மிஞ்சியதை உலகறிய அறமாக வை என்று படிப்பவரைப் பார்த்துச் சொல்கிறது.

சிற்றூரின் வரலாற்றைப் பேரரசுகளின் வால்பகுதியாக எழுதும் வழக்கம் இனி மாற வேண்டும். அடுத்த முறை திருவெள்ளறை போகிறவர்கள் பெருமாளைச் சேவித்த கையோடு கிணற்றங்கரைக்கும் செல்லுங்கள். படிகளில் குப்பை போடாதீர்கள், கல்வெட்டில் பெயர் கிறுக்காதீர்கள். கம்பன் அரையன் நம்மிடம் விட்டுச் சென்ற பொறுப்பு அது.